வால்பாறைத் தேயிலையும் இருவாச்சியும்: எந்த வழி பலன் தரும்?

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகிற எவரும் "என்ன பசுமை!" என்று சொல்லாமல் இருப்பதில்லை. கண்ணுக்கு எட்டியவரை தெரிகிற அந்தப் பசுமையில் பெரும்பகுதி ஒரே செடிதான். 1890-களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டி, சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலையும் காப்பியும் வைத்தார்கள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், பரம்பிக்குளம் என்று பெருங்காடு. நடுவே, எஸ்டேட்டுகளுக்குள் தீவு தீவாக மாட்டிக்கொண்ட காட்டுத் துண்டுகள்.

தேயிலையை எடுத்துவிட முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அதை வைத்துக்கொண்டே காட்டுயிர்களுக்கு ஏற்படும் சேதத்தைக் குறைக்க நான்கு வழிகள் பேசப்படுகின்றன. நான்கும் ஒரே அளவுக்குப் பலன் தருவதில்லை.

முதலில் இயற்கை முறைத் தேயிலை. பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லை என்றால் மண்ணுக்கும் ஓடைக்கும் கொழுந்து பறிப்பவர்களுக்கும் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பறவைகளுக்கு? ஆனைமலையில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் இதையே ஒப்பிட்டுப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். மரமில்லாத தேயிலை இயற்கை முறையானாலும் வழக்கமான முறையானாலும் பறவை வகைகள் குறைவாகவே இருந்தன. நாட்டு மரங்கள் கலந்து நின்ற தேயிலையில் தெளிவாகவே கூடுதல். மழைக்காட்டுத் துண்டுகளில் அதைவிடக் கூடுதல். மருந்தை நிறுத்தினால் போதும், காட்டுப் பறவைகள் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. பறவைக்குத் தேவை கிளையும் பழமும்.

அப்படியானால் இரண்டாவது வழியாக, நிழல் மரம் நட்டால் சரியா? எந்த மரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எஸ்டேட்டில் நிழல் என்றால் அநேகமாக சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். கிளைகளைக் கழித்துவிடுவதால் தேயிலை நடுவே கம்பம் நட்டதுபோல் நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்போது தேன்சிட்டு வரும், தேனீ வரும். அப்புறம் காய்ப்பது உலர்ந்த காய். உள்ளே காற்றில் பறக்கும் மெல்லிய விதை. காட்டுப் பழங்களைத் தின்று வாழும் பெரிய அலகுப் பறவையான இருவாச்சிக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. ஆலும் அத்தியும் கருங்குங்கிலியமும் வெடிப்பலாவும் நின்றால் கதை வேறு. வெடிப்பலா சிங்கவால் குரங்கின் முக்கிய உணவுகளில் ஒன்று.

நாட்டு மர நிழல் தேயிலையைவிடக் காப்பிக்கே இயல்பாகப் பொருந்துகிறது. குறிப்பாக அரபிகா வகைக் காப்பி நிழலில் நன்றாக வரும். ரொபஸ்டா வகைக்கு வெயில் கூடுதலாக வேண்டும் என்று மரத்தைக் கழிப்பார்கள். குடகில் நடப்பது கவலை தருகிறது. அங்கே நாட்டு மரத்தை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும், சில்வர் ஓக்கைச் சுலபமாக வெட்டி விற்கலாம். மிளகுக் கொடியும் அதில் ஏறும். விவசாயி எதை நடுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, விதியைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, காட்டுத் துண்டுகளையும் ஓடைக்கரைகளையும் பயிரிடாமல் ஒதுக்கிக் காட்டை மீட்டெடுப்பது. என் கட்சி இதுதான். தேயிலை எவ்வளவு நல்ல தேயிலையானாலும் சிங்கவால் குரங்கு அதில் வாழாது. வால்பாறையின் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத துண்டுக்காட்டை நம்பி ஏறக்குறைய இருநூறு குரங்குகள் இருக்கின்றன. மேலே கிளைகள் இணையாத இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடந்தபோது வண்டியில் அடிபட்டுச் செத்தன. பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் அமைத்த பிறகு அதன்மேல் நடந்து போகின்றன. யானைகளும் பகலில் தேயிலையைத் தவிர்த்து ஆற்றோரக் காட்டிலும் துண்டுக்காட்டிலும்தான் ஒதுங்குகின்றன. அந்த மறைப்பையும் வெட்டிவிட்டால் அவை தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

ஆனால் வேலி போட்டு விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடாது. உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் மண்டிய இடத்தில் நாற்று எழும்ப முடியாது. அதை வெட்டும்போதே நடுவில் தானாக முளைத்திருக்கும் நாட்டுக் கன்றைத் தேடி விட்டுவைக்க வேண்டும். சாலையோரம் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, மழை பிடித்ததும் பல வகைகளைக் கலந்து நடுகிறார்கள். இப்படி மீட்ட இடங்களை 7 முதல் 15 ஆண்டுகள் கழித்து அளந்ததில், சும்மா விடப்பட்ட இடங்களைவிட மர வகைகளும் மரங்களில் சேர்ந்த கார்பனும் கூடுதலாக இருந்தன. இது 2019-இல் வெளியானது. செலவும் பொறுமையும் கேட்கிற வேலைதான், மறுக்கவில்லை.

நான்காவது, சான்று முத்திரை. சுற்றுச்சூழலைக் காக்கும் தோட்டங்களுக்குச் சான்று தரும் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் தவளை முத்திரையைத் தேயிலைப் பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். 2014-க்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்த நிலத்துக்கு அந்தச் சான்று கிடையாது. இனி வெட்டாமல் தடுக்க அது உதவும். நூறாண்டுக்கு முன்பே வெட்டியாகிவிட்ட வால்பாறைக்கு அது மட்டும் போதாது.

ஆகவே ஒரு எஸ்டேட் நிர்வாகத்திடம் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், முதலில் ஓடையின் இரு கரையிலும் சில வரிசைத் தேயிலையை விட்டுக்கொடுத்து நாட்டு மரம் நடச் சொல்வேன். அடுத்து, இருக்கிற துண்டுக்காட்டிலிருந்து விறகுக்கு மரம் போகாமல் பார்க்க வேண்டும். அதற்கு லைன் வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். சில்வர் ஓக் சாயும் ஒவ்வொரு குழியிலும் ஒரு அத்தியோ கருங்குங்கிலியமோ வைப்பது அதற்கடுத்த வேலை. மருந்தில்லாத் தேயிலையையும் முத்திரையையும் இவற்றுக்குப் பிறகு பேசலாம்.