லாரிப் பட்டறைத் தரைக்கு எது சரி: பச்சைத்தண்ணீர் மெஷினா, சுடுதண்ணீர் மெஷினா?

நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் தரையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மரத்தூளைப் போட்டுக் கூட்டிவிடுவோம்." அன்றைக்குச் சிந்திய ஆயிலுக்கு அது போதும். அதைவிட மலிவான வழியும் இல்லை. ஆனால் கிரீஸும் கியர் ஆயிலும் மண்ணும் சேர்ந்து, டயர் ஏறி ஏறி அழுத்தி, தார் மாதிரி இறுகிப்போன கறுப்புப் படலம் இருக்கிறதே, அதற்கு மரத்தூளும் ஆகாது, துடைப்பமும் ஆகாது.

தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவுகிற மெஷின் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதல் பேச்சே 'எத்தனை பார்', அதாவது எவ்வளவு அழுத்தம் என்பதுதான். நானும் அதில் விழுந்தவன். 200 பார் பச்சைத்தண்ணீர் மெஷின் வாங்கி, சிவப்பு நாசிலை, அதாவது தண்ணீர் விரியாமல் ஊசி போலப் பாய்கிற பூஜ்ய டிகிரி நாசிலை மாட்டி, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்கிற பள்ளம், அந்தப் பிட் ஓரத்தில் அடித்தேன். கறை போகவில்லை, சிமெண்ட் மேல்பூச்சுதான் போனது. மணலும் ஜல்லியும் தெரிகிற ஒரு கோடு, விரல் அகலத்துக்கு, இன்னும் அங்கே இருக்கிறது. இப்போது ஆயில் முதலில் ஊறுவதும் அந்தக் கோட்டில்தான். கான்கிரீட்டுக்கு 15 டிகிரிக்குக் குறைந்த நாசில் வேண்டவே வேண்டாம். 25 டிகிரி பச்சை நாசில்தான் தினசரிக்கு.

அழுத்தம் செய்யாததை ஏன் சூடு செய்கிறது? நம் தொழிலிலேயே பதில் இருக்கிறது. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தானே ஆயிலை இறக்குகிறோம்? லாரி என்ஜினுக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40 ஆயிலுக்கு 40 டிகிரி சூட்டில் இருக்கிற கெட்டி, 100 டிகிரியில் ஏழில் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தரைக்கும் அதே கதைதான். 80, 85 டிகிரி தண்ணீர் பட்டதும் கிரீஸ் இளகுகிறது, கான்கிரீட்டின் நுண்துளைக்குள் இருப்பதும் கொஞ்சம் அசைகிறது, அப்புறம் தண்ணீரின் வேகம் அதை அடித்துக்கொண்டு போகிறது. பச்சைத்தண்ணீர் பட்டால் கிரீஸ் இளகாது. மெஷின் அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளிவைக்கும், அவ்வளவுதான். சுவரிலும் தெறித்திருக்கும்.

அதனால் பச்சைத்தண்ணீர் மெஷின் வீண் என்று சொல்லமாட்டேன். அதற்குத் துணை டீகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற மருந்து. காரம் அதிகமுள்ள வகையைத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து அடித்தால் நன்றாகவே வரும். நேரமும் கைவேலையும்தான் கூடுதல். கையுறை கட்டாயம். காஸ்டிக் சோடா கலந்ததாக இருந்தால் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கும் அலுமினிய கியர்பாக்ஸ் கூட்டை முதலில் நகர்த்துங்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துவிடும்.

பலர் யோசிக்காத இடம் சாக்கடை. டீகிரீசர் ஆயிலைத் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆக்கிவிடும். அது, சாக்கடைக்கு முன்னால் ஆயிலைத் தனியே பிரிக்கிற பிரிப்புத் தொட்டியில் மிதக்காது, அப்படியே வெளியே போகும். வெறும் சுடுதண்ணீரில் கழுவினால், தொட்டியில் ஆறியதும் ஆயிலின் பெரும்பகுதி மேலே வந்து நிற்கும், வழித்தெடுக்கலாம். பழைய ஆயிலும் ஆயில் கலந்த கழிவும் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் வருகின்றன. பழைய ஆயிலை அதற்கு அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். எனக்குச் சுடுதண்ணீர் பக்கம் மனம் சாய்ந்ததற்குப் பாதிக் காரணம் இந்தத் தொட்டிதான்.

சரி, சுடுதண்ணீர் என்று முடிவானால் டீசலா, கரண்டா? கணக்கைப் பாருங்கள். மணிக்கு 600 லிட்டர் ஓடும் மெஷினில் 30 டிகிரி தண்ணீரை 85க்கு ஏற்ற சுமார் 38 கிலோவாட் வெப்பம் வேண்டும். கரண்டில் என்றால் த்ரீ பேஸில் 50 ஆம்பியருக்கு மேல், அதுவும் பம்பு மோட்டாரைச் சேர்க்காமல். சாதாரணப் பட்டறையின் கரண்டு இணைப்பு இதைத் தாங்குவது கடினம். அதே வேலையை டீசல் பர்னர் மணிக்கு நாலேகால் லிட்டரில் முடித்துவிடும். புகையே ஆகாத உணவுத் தொழிற்சாலைக்குக் கரண்டு மெஷின் பொருந்தும். நமக்கு டீசல்தான். ஆனால் கதவை அடைத்த ஷெட்டுக்குள் ஓட்டாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். 1950இல் ஜெர்மனியின் கார்ஷர் நிறுவனம் ஐரோப்பாவில் முதலாவதாகக் கொண்டுவந்த சுடுநீர் அழுத்த மெஷினின் அடிப்படை இன்னும் பெரிதாக மாறவில்லை: நெருப்பு, அதைச் சுற்றிக் குழாய்ச் சுருள், தள்ளிவிடப் பம்பு.

அந்தச் சுருளுக்கு எமன் நம் போர்வெல் தண்ணீர். உப்பு உள்ளே படியப் படிய வழி சுருங்கும், பம்பு திணறும், டீசல் கூடும். தண்ணீரின் உப்பைக் குறைக்கிற சாஃப்ட்னர் இல்லாமல் உப்புத்தண்ணீரில் ஓட்டுவதற்குப் பச்சைத்தண்ணீர் மெஷினே மேல். வேலை முடிந்ததும் பர்னரை அணைத்து, சுருள் ஆறும்வரை பச்சைத்தண்ணீர் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பையன்கள் மறப்பது இதைத்தான்.

குறுக்குவழி ஒன்றையும் பார்த்திருக்கிறேன்: பாய்லர் தண்ணீரைப் பச்சைத்தண்ணீர் மெஷினுக்குள் விடுவது. அந்தப் பம்புகள் பெரும்பாலும் 40 முதல் 60 டிகிரி வரைதான் தாங்கும். சீல் போய்விடும், வாரண்டியும் போய்விடும்.

விலையில் பச்சைத்தண்ணீர் மெஷின் ஆயிரங்களில், டீசல் பர்னர் மெஷின் லட்சங்களில். ஒரே ஒரு பிட் வைத்திருப்பவர் டீகிரீசரும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டால் போதும். நாலைந்து வண்டி நிற்கிற ஷெட், வாரா வாரம் கழுவுகிறவர் என்றால் சுடுதண்ணீர் மெஷின் வாங்கலாம். அல்லது பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு சேர்ந்து வாங்கலாம், சக்கரம் வைத்ததுதானே. பாரை மட்டும் பார்க்காமல் மணிக்கு எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். 150 பாரும் 600 லிட்டருக்குக் குறையாத ஓட்டமும் இருந்தால் தரைக்குத் தாராளம். நாசிலைத் தரைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் காற்றிலேயே தண்ணீர் ஆறிவிடும்.

கழுவிக் காய்ந்து இரண்டு நாள் கழித்துப் பழைய இடத்தில் மங்கலாகக் கறை மறுபடி தெரியும். மெஷினைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே ஊறியிருந்தது மேலே ஏறி வருகிறது. அதே இடத்தை இன்னொரு தடவை கழுவுங்கள்.