தேன் மீட்டரை நம்பி 33,350 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி வரை பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாது. தேன் பெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் எனக்கு 40 பெட்டி இருக்கிறது. வருஷத் தொடக்கத்தில் ரப்பர் தளிர் விடும்போதுதான் எங்களுக்கு அறுவடை (பூவில் இல்லை, தளிரின் இலைக்காம்பில் ஊறுவதைத்தான் தேனீ எடுக்கும்). இந்தத் தேனில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி விற்கக் கூடாது, வைத்திருந்தாலும் புளிக்கும். அதனால் ஆன்லைனில் கருவிகள் விற்கும் ஒரு கடையில் 1,850 ரூபாய் கொடுத்து ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் வாங்கினேன்.

அளவு சரிபார்க்கும் எண்ணெயும் கூடவே வரும் என்று போட்டிருந்தார்கள். டப்பாவில் அது இல்லை. போன் செய்தேன். "அண்ணே, அதெல்லாம் தேவையே இல்லை. கம்பெனியிலேயே செட் பண்ணித்தான் வருது. நானே செக் பண்ணித்தான் அனுப்பினேன்" என்றான் கடைப் பையன். அண்ணே அண்ணே என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினான். சரி என்று நம்பிவிட்டேன்.

அப்பா இருந்தவரை தேனடையைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு உதறுவார். தேன் சொட்டினால் அடை திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி, பாதிகூட மெழுகு மூடாத அடையிலிருந்து (தேன் முதிர்ந்தால்தான் தேனீ மெழுகால் மூடும்) ஒரு சொட்டு எடுத்து மீட்டர் கண்ணாடியில் தடவினேன். கோடு 18இல் நின்றது. பிழிந்துவிட்டேன். 90 கிலோ, கிலோ 350க்கு விற்றும் விட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, மூடியைத் திறந்தா சோடா மாதிரி சத்தம் வருதே." போய்ப் பார்த்தால் பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை, புளித்த கள் வாசனை. அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தேன் 31,500, மீட்டர் 1,850. மொத்தம் 33,350 ரூபாய்!

மீட்டரில் ஆலிவ் எண்ணெய் விட்டால் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) கோடு 71, 72இல் நிற்க வேண்டும் என்று பக்கத்து ஊர் நண்பர் சொன்னார். என்னுடையது 76 காட்டியது. சர்க்கரையைக் கூட்டிக் காட்டினால் தண்ணீரைக் குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் நான் 18 என்று பிழிந்தது கிட்டத்தட்ட 22.

கடைக்குப் போன் செய்தேன். "அளவு சரிபண்ற ஸ்க்ரூவை நீங்க திருகியிருப்பீங்க." இரண்டாம் முறை, "ஏழு நாளைக்குள்ள சொல்லியிருக்கணும் சார்." அண்ணன் சாராகிவிட்டேன். மூன்றாம் முறை யாரும் எடுக்கவில்லை. செயலியில் புகார் போட்டால் 'உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது' என்று வருகிறது. யார் முடித்தது? 33,350 ரூபாய் யார் தருவது?

தேன் புளிக்காமல் இருக்க என்னென்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கால்வாசியாவது மெழுகு மூடும்வரை அடையைத் தொடாதீர்கள். மீட்டர் வந்த அன்றே எண்ணெய் விட்டுப் பாருங்கள். தண்ணீர் விட்டுப் பார்ப்பது தேன் மீட்டருக்கு ஆகாது. டப்பா பிரிப்பதை வீடியோ எடுங்கள். மழை நாளில் பிழியாதீர்கள்.

மீதி அப்புறம் எழுதுகிறேன். இன்னும் 14 பேருக்குப் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.