வேலூர் வெயிலில் கடல்நீர்ப் பவளத் தொட்டி: பல கோடைகளுக்குப் பிந்தைய அனுபவப் பகிர்வு

வீட்டில் பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி அமைப்பதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் கொள்முதல் பட்டியலில் ஹீட்டர் முதல் வரிசையில் இருக்கும். வேலூர் சத்துவாச்சாரியில், கான்கிரீட் கூரையின் கீழ் உள்ள எங்கள் வீட்டு ஹாலில், மார்கழி இரவுகளில்கூட அது தேவைப்பட்டதில்லை. வேலூரில் முதன்முறையாகத் தொட்டி வைக்க விரும்புபவர், வெயிலையும் தண்ணீரையும் கணக்கிட்டு முடித்த பிறகே விளக்கு, மீன் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது இத்தனை கோடைகளில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

எங்கள் தொட்டி 90 செ.மீ. நீளமும், 45 செ.மீ. அகலமும், அதே அளவு உயரமும் கொண்டது, 10 மி.மீ. கண்ணாடி. கீழே, வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து, ஓடும் தண்ணீர் சுமார் 200 லிட்டர். கண்ணாடியும் பாறையும் சேரும்போது மொத்த எடை கால் டன்னுக்கு மேல் போகும் என்பதால், தரைத்தளத்தில், சுவரை ஒட்டிய இடத்தையே தேர்ந்தெடுத்தோம். இதைவிடச் சிறிய தொட்டி செலவைக் குறைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தண்ணீர் குறையக் குறைய, அதன் சூடும் உப்பும் விரைவாக மாறும் என்பதால், எங்கள் ஊர்க் கோடைக்கு இந்த அளவுக்குக் கீழே போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதலில் வாங்கியது தண்ணீர் வடிகட்டி. கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தது அதற்குப் பிறகே. எங்கள் போர்வெல் தண்ணீரில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,400-ஐ ஒட்டிக் காட்டும். பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே அது தெரியும். நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. மெம்பிரேன் கரைந்த உப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை நிறுத்தும். அப்படியும் 70 மிச்சமிருக்கும்; அது குடிப்பதற்குத் தாராளமாகப் போதும், பவளத்துக்குப் போதாது. அந்த மிச்சத்தில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருந்தால், கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பாசி ஓயாமல் படரும். ஆகவே ஆர்.ஓ.வுக்குப் பின், மிஞ்சிய உப்பையும் பிடித்து நிறுத்தும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரை மட்டுமே பயன்படுத்துகிறோம். போர்வெல் தண்ணீரை விட்டால் ரெசின் மிக விரைவாக நிறம் மாறிவிடுவதால், காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்து அதையே வடிகட்டுவது எங்கள் வழக்கம். அதிலுள்ள குளோரின் மெம்பிரேனைக் கெடுக்காதிருக்க, முன்னால் கார்பன் குழாய் இருந்தாக வேண்டும்.

சமையலறை ஆர்.ஓ. இருக்கிறதே, அது போதாதா என்று கேட்காதவர் இல்லை. வீட்டு ஆர்.ஓ.க்களில் பலவற்றில், சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைச் சிறிது கலக்கும் டிடிஎஸ் திருகும், தாது சேர்க்கும் குழாயும் இருக்கின்றன. உடல்நலத்துக்கு என்று செப்பு சேர்க்கும் மாதிரிகளும் இப்போது வீடுதோறும் வந்துவிட்டன. மனிதருக்குத் தீங்கில்லாத அந்தச் செப்பு, இறால், நத்தை, பவளம் ஆகியவற்றை மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். கேன் தண்ணீரிலும் தாது சேர்ப்பது உண்டு என்பதால் அதையும் நான் தொடுவதில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து கடல்நீரையே கொண்டுவரலாம் என்ற யோசனையும் வந்தது. கரையோர நீரில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் அதைக் கைவிட்டு, லிட்டருக்கு 38 கிராம் அளவில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துப் பயன்படுத்துகிறோம். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 என்ற நிலையில் இருக்க வேண்டும். அதை அளக்க, ஒளி விலகலைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் தேவை. ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பக் கூடாது.

அடுத்தது சூடு. பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வரை ஏற்றது. மே மாதத்தில் வேலூரில் வெளியே 40-ஐத் தாண்டுவது வழக்கம்; ஹாலில் மாலை ஆறு மணிக்கும் 35-க்குக் குறையாது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது பவளங்கள் தம் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்தன. கடலுக்கே அந்த நிலை என்றால், 200 லிட்டர் தண்ணீரை எவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே நம் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெளியிலிருந்து சூடு ஏறாமல் இருந்தால், அது 200 லிட்டரை ஏறத்தாழ மூன்று டிகிரி குளிர்விக்கப் போதும். சென்னையின் புழுக்கத்தில் தண்ணீர் இவ்வளவு எளிதில் ஆவியாகாது. வேலூரின் காய்ந்த காற்றில், நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வைத்த இரண்டு சிறு மின்விசிறிகளே பங்குனி வரை தொட்டியைக் காக்கின்றன. ஆனால் அந்த நாட்களில் தினமும் நான்கு லிட்டர் வரை குறைகிறது. உப்பு ஆவியாவதில்லை என்பதால், ஐந்து நாள் கவனிக்காவிட்டால் 35 என்ற அளவு 39-ஐ நெருங்கிவிடும். நல்ல தண்ணீரைத் தானாக நிரப்பும் மிதவைக் கருவியை அதனால்தான் மிக அவசியமான பொருள்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

கத்திரி வெயிலுக்கு விசிறி போதாது, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் வேண்டும். மொத்தச் செலவில் கனமான உருப்படி அதுதான். கடைக்காரர், “சார், விளக்கைச் சின்னதா வாங்குங்க, சில்லரைப் பெரிசா வாங்குங்க” என்றார். அந்தச் சொல் இன்றுவரை பொய்க்கவில்லை. சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தை எங்கோ விட்டாக வேண்டும். மூடிய ஸ்டாண்டுக்குள் வைத்தால் அந்த வெப்பமே திரும்பி வரும். எங்களுடையது சுவருக்கு அப்பால், பின்கட்டு வராந்தாவில், நிழலில் நிற்கிறது. குழாய்களுக்குப் பஞ்சுறை சுற்றியிருக்கிறோம்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் கரண்ட் பிற்பகல் தாண்டியும் வராமல் இருக்கலாம். சூடான உப்புநீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். 30 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் ஆறு மில்லிகிராம் மட்டுமே தாங்கும். எனவே இன்வெர்ட்டரில் சில்லரைச் சேர்க்காமல், தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரையும், தொட்டிக்குள் அலை எழுப்பும் ஒரு வேவ்மேக்கரையும் மட்டும் சேர்த்திருக்கிறோம். இரண்டும் சேர்ந்து 40 வாட்டுக்குள் அடங்குவதால், வீட்டு விசிறிகளோடு சேர்த்தே 150 ஏஎச் பேட்டரி ஒரு பகலைத் தாங்குகிறது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. சதுர அலையில் ஏசி மோட்டார்கள் உறுமிச் சூடாகின்றன.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கல்கூடு இல்லாத மென்பவளங்களுக்கு நடுத்தர நீல-வெள்ளை எல்இடி போதும். காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நன்றாக உழைக்கிறது. ஆனால் அது காற்றை இழுக்கும் சிறு குழாயை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, பூச்சிக்கொல்லி ஸ்பிரே என்று ஹாலில் எது பரவினாலும், ஸ்கிம்மர் அதை நுண்குமிழிகளாக்கித் தண்ணீரில் கலந்துவிடும். கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் ஆகவே ஆகாது. அக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டது, காசே ஆகாத, ஆனால் மிகப் பயனுள்ள வேலை.

உயிரினங்களை வாங்கும் முன் சட்டத்தை அறிந்துகொள்வது நம் கடமை. கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் அதே ஆண்டு சேர்ந்தது. யாரேனும் மன்னார் வளைகுடாப் பாறை என்று ரகசியமாக விற்க வந்தால் வாங்கவே கூடாது. அது உடைபட்ட ஒரு பவளத் திட்டின் துண்டு. எங்கள் தொட்டியில் இருப்பது உலர்ந்த பீங்கான் பாறை. அதில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நைட்ரேட் மட்டும் மிஞ்சும் வரை, மீன் எதுவும் இல்லாமல் காத்திருந்தோம். முதலில் வந்தவை பண்ணையில் பிறந்த ஒரு சோடிக் கோமாளி மீன்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இவற்றின் இனப்பெருக்க முறைகளை வகுத்திருப்பதால், கடலிலிருந்து பிடித்தவற்றை நாட வேண்டிய தேவை இல்லை. பண்ணை மீன்கள் தூள் தீனியை முதல் நாளே தின்றன.

பராமரிப்பில் பெரிய எதிரி உப்புப் பூப்பதுதான். மூடியின் விளிம்பிலும் விளக்கின் கம்பியிலும் வெள்ளையாகப் பூக்கும் உப்பு, இரும்பைத் தொட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்ற குழாய்க் கிளிப்புகளும் ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிட்டன. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஐப்பசி ஈரத்தில் திறந்த உப்புப் பை கல்லாக இறுகும் என்பதால், இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொட்டி வைக்கிறோம். தண்ணீரைச் சோதிக்கும் பரிசோதனைத் திரவங்களும் ஹால் சூட்டில் காலாவதிக்கு முன்பே கெடுகின்றன. அவற்றை ஃப்ரிட்ஜில் தனி டப்பாவில் வைத்த பிறகே தண்ணீரின் கார அளவு 8 முதல் 9 டிகேஎச்சுக்குள் (காரத்தன்மையை அளக்கும் அலகு) நிலையாகத் தெரியத் தொடங்கியது. சில்லரின் பின்புறத் தகடுகளில் தெருத் தூசி அடைந்தால் குளிரும் திறன் கண்கூடாகக் குறைகிறது; அதை மாசி மாதத்திலேயே பழைய பெயிண்ட் பிரஷால் தட்டித் துடைத்து, ஒரு பகல் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் சித்திரையில் மெக்கானிக் கிடைப்பதில்லை.