குழந்தை ஆதரவு மானியம்: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

தென்னாப்பிரிக்க அரசின் குழந்தை ஆதரவு மானியம் 1998இல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் 100 ரேண்டாகத் தொடங்கியது. இன்று பதினெட்டு வயது நிறையும்வரை கிடைக்கிறது. 2025 ஏப்ரலில் தொகை 560 ரேண்டாக உயர்ந்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த என் தங்கை மகளுக்காகப் பல ஆண்டுகளாக இதைப் பெற்றுவருகிறேன்.

இத்திட்டத்தின் உயிர்நாடி, பெற்றவர் யார் என்று பாராமல், பிள்ளையை அன்றாடம் பராமரிப்பவர் கையில் பணத்தைக் கொடுப்பதுதான். பெரியம்மாவும் ஆயாவும் (பாட்டியும்) பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நீதிமன்றம் பிறரிடம் ஒப்படைக்கும் பிள்ளைகளுக்கான வளர்ப்புப் பராமரிப்பு மானியத்தில் தொகை கூடுதல் என்றாலும், அதற்குச் சமூகப் பணியாளரின் அறிக்கையும் குழந்தைகள் நீதிமன்றத்தின் ஆணையும் வேண்டும். அந்த ஆணையையும் பொதுவாக இரண்டாண்டுகளில் நீட்டிக்க வேண்டும். உறவினரிடம் வளரும் அநாதைப் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் போகாமலே கூடுதல் தொகை தரும் ஏற்பாடு 2022இல் வந்தபின் எங்கள் அலைச்சல் நின்றது. 2025 ஏப்ரல் உயர்வில் அது மாதம் 840 ரேண்டானது.

பராமரிப்பவரின் வருமான வரம்பை மானியத்தைப் போல் பத்து மடங்கு, மணமானவர்களுக்கு இருபது மடங்கு என்று வைத்திருப்பதும் நல்ல யோசனை. தொகை உயரும்போது வரம்பும் தானாகவே உயர்கிறது. ஆனால் அடிப்படைத் தொகை உணவு வறுமைக்கோட்டை, அதாவது ஒருவரின் மாத உணவுக்கு வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, கூட எட்டவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

திட்டம் இடறுவது விண்ணப்பம் வாங்கும் அலுவலகச் சாளரத்தில்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கும் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் விண்ணப்பிக்க விதி இடமளிக்கிறது. அப்படியிருந்தும், எங்கள் தெரு ஆயா ஒருவரை ஓர் அலுவலகத்தில், சான்றிதழோடு வாருங்கள் என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படுவதால், இப்படித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் உணவிலிருந்து போகிறது. ஆகவே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு தேதியிட்ட ரசீது தரும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விவரம் தெரிந்த ஒருவர் முதல்முறை உடன்போவது பெரும் உதவி. எங்கள் கோயில் பெண்கள் சிலர் இதை முறைவைத்துச் செய்கிறார்கள்.

இன்னொன்று: பிள்ளையின் பெயரில் இம்மானியம் பெறுபவருக்குப் பொதுப்பள்ளிக் கட்டணத்திலிருந்து தானாகவே விலக்கு உண்டு. இதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. பள்ளிச் சேர்க்கைப் படிவம் வாங்கும் நாளிலேயே மானியம் பெறுவதற்கான சான்றைக் கொடுத்துவிடுங்கள்.