வெள்ளியும் அசல், முத்திரையும் அசல், முள்கரண்டி மட்டும் போலி: காயின் சில்வர் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவின் பழைய காயின் சில்வர் கரண்டிகளையும் பரிமாறும் சாமான்களையும் சேகரிப்பவர்கள், அவர்களிலும் முள்கரண்டிகளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதியில் கடை வைத்திருப்பவரும் இணையத்திலும் விற்பவருமான ஒரு பழம்பொருள் வணிகரிடம் நான் ஆறு முள்கரண்டிகள் வாங்கினேன். அவை 1825-ஆம் ஆண்டையொட்டிய அரிய காயின் சில்வர் முள்கரண்டிகள் என்று எழுதி விற்கப்பட்டன. உண்மையில் அவை அந்தக் காலத்து மேசைக்கரண்டிகள். அண்மைக் காலத்தில் யாரோ அவற்றின் குழிகளைத் தட்டித் தட்டையாக்கி, முட்களாக வெட்டி, மேலே வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள். உலோகம் வெள்ளிதான். முத்திரையும் அந்தக் காலத்துத் தட்டார் தம் கையால் அடித்ததுதான். ஆகவே வழக்கமாக நாம் செய்யும் சோதனைகள் எவையும் இந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். காயின் சில்வர் என்பது நாணயத்தின் தரத்தை ஒட்டிய வெள்ளி. 1792-ஆம் ஆண்டின் சட்டம் அமெரிக்க வெள்ளி நாணயத்தின் தரத்தை ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 892 பங்கு வெள்ளி என்று வைத்தது. 1837-இல் அது 900 ஆயிற்று. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் 925. லண்டனில் உள்ளது போல வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரம் பெற்ற சாலை அமெரிக்காவில், பால்டிமோரில் 1814 முதல் 1830 வரை மாநிலச் சட்டப்படி நடந்த கட்டாயச் சோதனையைத் தவிர, வேறெங்கும் நிலைபெறவில்லை. அதனால் ஒரு கரண்டியின் பின்புறத்தில் நாம் காண்பது தட்டாரின் பெயர், சில வேளைகளில் அதை விற்ற கடைக்காரரின் பெயர், பிற்காலத்ததாக இருந்தால் காயின், பியூர் காயின், ஸ்டாண்டர்டு, டாலர் போன்ற சொற்கள், அவ்வளவுதான். இங்கிலாந்து முத்திரைகளைப் போலத் தோன்றும்படி சிங்கத்தையும் தலையுருவத்தையும் தாமாகவே அடித்துக்கொண்ட தட்டார்களும் உண்டு. பிராவிடன்ஸ் நகரத்தின் கோரம் நிறுவனம் 1868-இல் ஸ்டெர்லிங் தரத்துக்கு மாறியது. மற்றவர்களும் அவ்வழியே சென்றதால் காயின் சில்வரின் காலம் விரைவில் முடிந்துபோனது.

இனி, முள்கரண்டிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த ஏமாற்று ஏன் நடக்கிறது என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் பெரும்பாலோர் பயன்படுத்தியவை எலும்பாலோ மரத்தாலோ கைப்பிடி போட்ட, இரண்டு அல்லது மூன்று முட்கள் கொண்ட எஃகு முள்கரண்டிகள்தாம். கையில் சேர்ந்த நாணயங்களையும் பழைய வெள்ளியையும் தட்டாரிடம் கொடுத்துக் கரண்டிகளாக மாற்றிக்கொண்ட குடும்பங்கள் தேக்கரண்டியும் மேசைக்கரண்டியும் செய்துகொண்டன. வெள்ளி முள்கரண்டி செய்துகொண்டவர்கள் மிகச் சிலர். நான்கு முட்கள் கொண்ட வெள்ளி முள்கரண்டி நடுத்தரக் குடும்பங்களின் மேசைக்குப் பரவலாக வந்து சேர்ந்தது 1840-களுக்குப் பிறகுதான். ஆகையால் பிடில் வடிவக் காம்பு கொண்ட மேசைக்கரண்டிகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. வெள்ளியின் எடை விலைக்குச் சற்று மேலே கொடுத்தாலே வாங்கிவிடலாம். அதே தட்டாரின் முத்திரையுள்ள முள்கரண்டி அதைப் போலப் பல மடங்கு விலை பெறும். கையில் அரமும் சுத்தியலும் சிறு ரம்பமும் உள்ள ஒருவருக்கு இந்த விலை வேறுபாடு என்ன யோசனையைக் கொடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வணிகரின் விளம்பரத்தில் காம்பின் முன்பக்கமும், அதிலிருந்த எழுத்துப் பொறிப்பும், பின்புறத்து முத்திரையும் மிகத் தெளிவாகப் படமெடுத்துப் போடப்பட்டிருந்தன. முட்களின் படம் ஒன்றே ஒன்று. அதுவும் மேலிருந்து எடுத்தது. பக்கவாட்டுப் படம் வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டபோது, படத்துக்குப் பதிலாக ஒரு சான்றிதழை அனுப்பினார். எக்ஸ்ரே கதிர் மூலம் உலோகத்தின் கலவையைக் காட்டும் கருவியால் சோதித்த அந்தச் சான்றிதழில் வெள்ளி நூற்றுக்கு 99-க்கும் மேல் என்று இருந்தது. காயின் சில்வரைவிட உயர்ந்த வெள்ளி என்று பெருமையாகவும் எழுதியிருந்தார். பொருள் வந்து சேர்ந்தபின் காந்தம் வைத்துப் பார்த்தேன், அமிலச் சோதனையும் செய்தேன், இரண்டிலும் குறையில்லை. முத்திரையைப் பாஸ்டன் தட்டார்களின் முத்திரைப் படங்களோடு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒப்பிட்டேன். எழுத்தின் வடிவம், சட்டத்தின் ஓரம், ஓரிடத்தில் அச்சு சிதைந்த அடையாளம் உட்பட எல்லாம் பொருந்தின.

எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது எடை. ஒவ்வொன்றும் 45 கிராமுக்குக் குறைவாக இருந்தது. என்னிடம் உள்ள, ஐயத்துக்கு இடமில்லாத, ஏறத்தாழ அதே நீளமுள்ள முள்கரண்டிகள் 60 கிராமுக்கு மேல் இருக்கின்றன. ஒரு முள்ளை விரலால் மெல்ல அழுத்தியபோது அது வளைந்துகொடுத்தது. இந்த ஆறையும் பழைய வெள்ளிச் சாமான்களைப் பழுதுபார்ப்பதில் நெடுங்கால அனுபவமுள்ள ஒரு தட்டாரிடம் கொண்டுபோனேன். அவர் காட்டியவற்றை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் எந்தச் சான்றிதழிலும் இவை இருக்கப்போவதில்லை.

முள்கரண்டி செய்யும் தட்டார் முட்கள் தொடங்கும் தோள்பகுதியில் உலோகத்தைத் தடிமனாக விட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். உணவைக் குத்தும்போது வளையாமல் இருக்க அந்தத் தடிமன் தேவை. கரண்டி செய்பவரோ குழியை மெல்லியதாக அடித்துப் பரப்புவார். கரண்டியை முள்கரண்டியாக்கினால் அந்த மெல்லிய தகடுதான் முட்களாக மாறும். வேறெங்கிருந்தும் உலோகம் வராது. காலிப்பர் வைத்து அளந்தபோது, என் உண்மையான முள்கரண்டியின் முட்களில் பாதித் தடிமன்கூட இவற்றில் இல்லை. அடுத்து, பின்புறம். காம்பும் குழியும் சேருமிடத்தில், மேசைக்கரண்டியின் அடியில், சொட்டுப் போன்ற ஒரு தடிப்பு இருக்கும். அதை அரத்தால் தேய்த்து நீக்கிய தடம் நான்கில் தெரிந்தது. மீதி இரண்டில் சொட்டின் அடிப்பகுதியே மிச்சமிருந்தது.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது அவர் கடைசியாகக் காட்டியது. ஒன்றின் முட்களின் பின்புறத்தில் முலாம் மிக மெல்லியதாக இருந்த இடத்தில், பழைய பயன்பாட்டுக் கீறல்கள் சில தெரிந்தன. ஒரு முள்ளில் ஓடிய கீறல் அதன் ஓரத்தில் அறுபட்டு, இடைவெளியைத் தாண்டி, அடுத்த முள்ளில் அதே கோட்டில், அதே சாய்வில் தொடர்ந்தது. அந்தக் கீறல் விழுந்த நாளில் அங்கே இடைவெளி இருந்திருக்க முடியாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் யாரோ சில குடும்பங்கள் சூப்பும் கஞ்சியும் பரிமாறிப் பாதுகாத்து வைத்திருந்த ஆறு நல்ல மேசைக்கரண்டிகளை இப்படி அழித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், போன பணத்தைவிட அதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது. அவற்றை இனி யாராலும் கரண்டிகளாக மீட்க முடியாது.

அந்தச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. காயின் சில்வரில் பத்தில் ஒரு பங்கு செம்பு முதலான பிற உலோகம் இருக்கும். பழைய வெள்ளியின் மேற்பரப்பில், தட்டார் அமிலத்தில் இட்டுச் சுத்தம் செய்ததால், செம்பு சற்றுக் குறைந்து வெள்ளி சற்றுக் கூடுதலாகத் தெரிவதுண்டு. ஆனால் பல தலைமுறைகள் தேய்த்துத் துலக்கிய ஒரு கரண்டி 99-க்கு மேல் காட்டுகிறது என்றால், அதன் மேல் தூய வெள்ளியால் மின்முலாம் பூசப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வெட்டிய ஓரங்களின் புது நிறத்தையும், தட்டையாக்கச் சூடுபடுத்தியபோது ஏற்பட்ட கறையையும் மறைக்கத்தான் அந்த முலாம். டெலவேர் மாநிலத்தில் உள்ள விண்டர்தூர் அருங்காட்சியகத்தின் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக இதே முறையில் அமெரிக்க வெள்ளியை ஆராய்ந்துவருகிறது. அங்கே வெள்ளியின் அளவோடு, அதில் கலந்துள்ள சிறுசிறு பிற உலோகங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் எடையும் மாற்றும் பார்த்து வாங்கியே பழகியவர்கள் நாம். தூய்மை கூடியிருக்கிறது என்று சொன்னால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பழைய காயின் சில்வரில் தூய்மை கூடியிருப்பதே ஐயப்படுவதற்குக் காரணம்.

இவற்றையெல்லாம் படங்களோடு எழுதி அந்த வணிகருக்கு அனுப்பினேன். முதல் பதில் மரியாதையாக வந்தது. ஆராய்ந்து சொல்வதாக எழுதினார். இரண்டாவது பதிலில், தாம் விற்றது காயின் சில்வர் என்றும், அது வெள்ளி என்பதற்குச் சான்றிதழ் கொடுத்திருப்பதாகவும், வெள்ளி அல்ல என்று நிரூபித்தால் மட்டுமே பணம் திருப்பித் தரப்படும் என்றும் எழுதினார். அதற்குள் விளம்பரத்திலிருந்து 1825 என்ற ஆண்டும், அரிய என்ற சொல்லும் நீக்கப்பட்டுவிட்டன. நல்லவேளையாக முந்தைய பக்கத்தின் நகல் என்னிடம் இருந்தது. மூன்றாவது கடிதத்தில் வேறொரு வாதம் வந்தது: அந்தக் காலத்திலேயே வீட்டுக்காரர் ஒருவர் தம் கரண்டிகளை முள்கரண்டிகளாக மாற்றச் சொல்லியிருக்கலாமாம். அப்படியானால் வெட்டிய ஓரங்கள் பிற்காலப் பயன்பாட்டில் தேய்ந்து மழுங்கியிருக்க வேண்டும். இவற்றில் முட்களின் உள் ஓரங்கள் அரம் பட்ட கூர்மையோடு இருக்கின்றன. மின்முலாமோ 1840-க்குப் பின் வந்த தொழில். அந்தக் காலத்து மாற்றமாகவே இருந்தாலும் அதை முன்கூட்டியே சொல்லி விற்பதுதான் நேர்மை.

கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டேன். வணிகர் அனுப்பிய அதே சான்றிதழை வைத்து, விற்ற பொருள் வெள்ளிதான் என்று சொல்லி முதல் முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். தட்டாரின் எழுத்துவழிக் கருத்தோடு மறுபடியும் எழுதியபோது, வணிகர் தாமாகவே முன்வந்து, கால் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன், இதைப் பற்றி எங்கும் எழுதக்கூடாது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி, முத்திரை பெற்ற பழம்பொருளைச் சோதனைச் சாலையின் ஒப்புதல் இல்லாமல் மாற்றுவதே குற்றம். அமெரிக்காவில் 1906-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டமும் சரி, காயின் என்று சொல்ல ஆயிரத்துக்கு 900 இருக்க வேண்டும் என்கிற கூட்டரசு வணிக ஆணையத்தின் வழிகாட்டு விதிகளும் சரி, முதன்மையாக உலோகத்தின் தரத்தைப் பற்றியே பேசுகின்றன. கரண்டி முள்கரண்டியானதைப் பற்றி அவற்றில் தனியாக ஒரு சொல்லும் இல்லை.

அதே வணிகர் இப்போது துளையிட்ட பரிமாறும் கரண்டிகளையும் ஒரு சூப் அகப்பையையும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். அவற்றை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே அவை போலி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் சாதாரண மேசைக்கரண்டியில் அண்மையில் துளையிட்டு வடிகரண்டி என்று விற்பது இதே தொழிலின் இன்னொரு கிளை என்பதால், துளைகளின் உள்விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள்: பழையதாக இருந்தால் விளிம்பு மழுங்கி, குழியின் மற்றப் பகுதியோடு ஒரே தேய்மானமாக இருக்கும், புதிதாக இருந்தால் ரம்பத்தின் கோடுகள் தெரியும். அகப்பையில் காம்பும் குழியும் சேருமிடத்தில் வாயால் ஊதி ஈரம் படியவையுங்கள். பிற்காலத்தில் பற்றவைத்திருந்தால், ஈரம் விலகும் நேரத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். முலாம் பூசியிருந்தால் இதுவும் மறைந்துவிடும். ஆகவே ஒரே சீராகப் பளபளக்கும் பழைய வெள்ளியை எங்கே கண்டாலும் விலை கேட்பதற்கு முன் முலாம் பூசப்பட்டதா என்று கேளுங்கள்.

நான் இப்போது எந்தக் காயின் சில்வர் முள்கரண்டிக்கும் பக்கவாட்டுப் படமும் எடையும் இல்லாமல் பணம் கொடுப்பதில்லை. ரசீதில் மூன்று செய்திகளையும் ஓர் உறுதிமொழியையும் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்கிறேன்: இது முத்திரைக்குரிய தட்டாரால் முள்கரண்டியாகவே செய்யப்பட்டது, வேறு வடிவத்திலிருந்து மாற்றப்பட்டதல்ல, முலாம் பூசப்படவில்லை, இவற்றில் எது பொய்யானாலும் முழுப் பணமும் திருப்பித் தரப்படும். நான் வழக்கமாக வாங்கும் வணிகர்கள் மறுப்பேதும் சொல்லாமல் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் அந்த நியூ இங்கிலாந்து வணிகரிடம் வேறொரு முள்கரண்டிக்காக இதே வாசகத்தைக் கேட்டார். தாம் உத்தரவாதம் தருவது வெள்ளிக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது.