நீரிழிவாளரின் மோப்பத்தை அளக்கும் 'யுப்சிட்' கையேடு: ஒரு மதிப்பீடு

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு டோட்டியும் சக ஆய்வாளர்களும் உருவாக்கி 1984-இல் வெளியிட்ட மணமறி சோதனை, 'யுப்சிட்' என்ற சுருக்கப் பெயரில் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. பத்துப் பக்கங்கள் கொண்ட நான்கு சிறு கையேடுகள். ஒவ்வொரு பக்கத்திலும், நுண்ணிய உறைகளில் மணப்பொருள் அடைக்கப்பட்ட ஒரு பட்டை. அதைப் பென்சில் முனையால் கீறி முகர்ந்து, தரப்பட்டுள்ள நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒன்றுமே மணக்காவிட்டாலும் ஏதேனும் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும் என்பதில்தான் இதன் சாமர்த்தியம் இருக்கிறது: மோப்பம் அறவே இல்லாதவரும் குருட்டாம்போக்கில் நாற்பதுக்குப் பத்து அளவில் பெற்றுவிடுவார் என்பதால், ஐந்தும் அதற்குக் கீழும் எடுப்பவர் வேண்டுமென்றே தவறாகக் குறிக்கிறாரோ என ஐயுற இடமுண்டு.

நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களிடம், குறிப்பாக நரம்பும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் பாதிக்கப்பட்டவர்களிடம், மோப்பக் குறைவு அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவித்துள்ளன. மெல்ல மெல்லக் குறைவதால் அது உரியவருக்கே தெரிவதில்லை. சமையலில் உப்பும் இல்லை, மணமும் இல்லை என்று வீட்டாரைக் குறை சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். என் தந்தையாரும் அந்த வகையினர் என்பதால், இக்கையேட்டை அவரிடம் கொடுத்தேன். உதவியாளர் இல்லாமல் தாமே செய்து முடிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

குறை, மணங்களின் தேர்வில் இருக்கிறது. ரூட் பியர் என்ற குளிர்பானம், ஜிஞ்சர்பிரெட் என்ற இஞ்சி கேக், செடார் பாலாடைக்கட்டி, டில் இலை சேர்த்த வெள்ளரி ஊறுகாய் ஆகியவை அமெரிக்கக் குழந்தைக்கும் பழகியவை; பெருங்காயமும் நல்லெண்ணெயும் கற்பூரமும் அறிந்த மூக்குக்கு அவை வெறும் அந்நிய வாசனைகள். விண்டர்கிரீன் என்ற விடைக்குரிய மணத்தை நம்மவர் நன்றாகவே அறிவார்கள், ஆனால் மூட்டுவலித் தைலமாக. ஆக, தந்தையார் இழந்த மதிப்பெண்களில் எத்தனை மூக்கின் குறை, எத்தனை பழக்கமின்மை என்று பிரிக்க முடியவில்லை. நல்லவேளையாக, பல நாட்டினருக்கும் பொதுவான மணங்களைத் தேர்ந்து அமைத்த பன்னிரண்டு பக்கச் சுருக்கப் பதிப்பு ஒன்றும் உண்டு. எலுமிச்சை, வாழைப்பழம், வெங்காயம், ரோஜா, புகை, பெட்ரோல், சோப்பு என அதிலுள்ளவை பெரும்பாலும் நம் வீட்டிலும் தெருவிலும் உள்ளவையே. தமிழ் வாசகர் வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. கேள்விகள் குறைவு என்பதால் இலேசான குறைபாடு அதில் தப்பிவிடலாம்.

மதிப்பெண்ணைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். முழுச் சோதனையில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 35 என்பது இயல்பு நிலையின் கீழ் எல்லை. 18-உம் அதற்குக் கீழும் வந்தால் மோப்பம் ஏறக்குறைய இல்லை எனலாம். ஆனால் 65 முதல் 80 வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பெருங்குறைபாடு இருப்பதை டோட்டியின் குழுவினரே அதே ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். எனவே வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடாமல் எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டுவது தவறு. சளி, ஒவ்வாமை, பழைய கொரோனா தொற்று, நடுக்குவாதத்தின் (பார்க்கின்சன் நோய்) தொடக்கம் எதுவும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். காரணத்தை இக்கையேடு சொல்லாது. கையேட்டின் மணங்களில் ஒன்றான மெந்தாலின் குளிர்ச்சியை உணர்வது முகத்து உணர்வு நரம்பின் வேலை என்பதால், அந்தப் பக்கத்தில் கிடைத்த வெற்றியை வைத்து மகிழவும் வேண்டாம்.

எவ்வளவு மெல்லிய மணம் எட்டுகிறது என்பதை அறிய வேண்டுமானால், பியூட்டனால் திரவத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து நிரப்பிய ஜெர்மானியப் பேனாத் தொகுப்பான 'ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ்' மேலானது. அதற்குப் பழகிய ஒருவர் அருகிலிருந்து செய்ய வேண்டும், வீட்டுக்கு உகந்ததன்று.

மதிப்பெண் குறைந்தால் தாளோடு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதும், சமையல் எரிவாயுவில் கலக்கும் மெர்காப்டன் வாடை மோப்பம் குறைந்தவருக்கு எட்டாமல் போகக்கூடும் என்பதால் அடுப்படியில் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவதும் உடனே செய்ய வேண்டியவை. நாங்கள் இரண்டாவதை முதலில் செய்தோம்.