ரோட்டோருவா காட்டுத் தடங்களில் ஆறு ஆண்டுகள்

ரோட்டோருவா காட்டின் வைபா வாகன நிறுத்தத்தில் மலை சைக்கிளை இறக்கியதும் நான் முதலில் பார்ப்பது மண்ணைத்தான். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்படி இருந்துவிட்டால் அன்று முழுக்க டயர் வழுக்காது. ஆறு ஆண்டுகளில் இந்தக் காடு எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் வடதீவில், ஹாமில்டனில். அங்கிருந்து ரோட்டோருவாவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். ரோட்டோருவா ஊரின் விளிம்பிலேயே ஃபகரேவரேவா காடு தொடங்கிவிடுகிறது. எழுத்தைப் பார்த்து 'வகரேவரேவா' என்று படிக்கத் தோன்றும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் அந்த முதல் எழுத்து ஃப ஒலி. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'ஃபகா' என்பார்கள். சுமார் 5,600 ஹெக்டேர் காடு. அதற்குள் மலை சைக்கிளுக்கென்றே வெட்டிய தடங்கள் ஏறத்தாழ 200 கி.மீ. நுழைவுக் கட்டணம் கிடையாது. மாதம் இரண்டு முறை போகிறோம் என்று வைத்துக்கொண்டால் இதுவரை நூறு தடவைக்கு மேல் போயிருப்பேன். இன்னும் நான் மிதிக்காத தடங்கள் இருக்கின்றன.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. ரோட்டோருவா ஏரி இருப்பதே ஓர் எரிமலைப் பள்ளத்துக்குள். சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் நிலம் உள்ளே சரிந்து உருவான பள்ளம் அது. அதற்குப் பிறகும் சுற்றியுள்ள எரிமலைகள் பலமுறை வெடித்துச் சாம்பலையும் நுரைக்கல்லையும் அடுக்கடுக்காகக் கொட்டியிருக்கின்றன. குதிகால் தேய்க்கக் கடையில் வாங்குவோமே, அதே நுரைக்கல். அதன் உடம்பெல்லாம் துளை. அதனால் தண்ணீர் மேலே தேங்காமல் இறங்கிவிடும்.

ஆக்லாந்துக்கு வடமேற்கே ரிவர்ஹெட் காட்டில் மழைக்குப் பின் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே களிமண். டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ரோட்டோருவாவில் சனிக்கிழமை இரவு முழுக்க மழை கொட்டியிருந்தாலும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நிம்மதியாகக் கிளம்பலாம். குளிர்காலமான ஜூன், ஜூலையில்தான் மண் நன்றாகப் பிடிக்கிறது. கோடையில், அதிலும் பிப்ரவரியில் மூன்று வாரம் மழை இல்லையென்றால் மேல்மண் மாவாகிவிடும். வளைவுகளில் முன்சக்கரம் நழுவும். முதல் இரண்டு ஆண்டுகள் நான் விடுமுறையை எல்லாம் கோடைக்கே வைத்திருந்தேன். இப்போது மே முதல் அக்டோபர் வரை அதிகம் போகிறேன். குளிர் கொஞ்சம் கடிக்கும், பரவாயில்லை.

இந்த மண் சைக்கிளை அரிக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. நுரைக்கல் என்பது எரிமலை கக்கிய கண்ணாடிதான். அதன் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் உப்புத்தாள் போல உரசும். மழை நாளில் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் பிரேக் பேட் தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். முதல் ஆண்டு செயினுக்குக் கனமான எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். பொடி அதில் ஒட்டிக்கொண்டு பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிட்டது. ஒரு கடையில் செயினை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், பல்சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரமே மேட்டில் மிதிக்கும்போது செயின் தாவத் தொடங்கியது. அதிலிருந்து தேய்மான அளவுகோல் ஒன்றை வாங்கி நானே பார்த்துக்கொள்கிறேன். மெழுகு வகை எண்ணெய்க்கு மாறிய பிறகு செயின் ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் உழைக்கிறது. வைபாவில் சைக்கிள் கழுவ இடம் இருக்கிறது. எவ்வளவு அசதியாக இருந்தாலும் கழுவாமல் காரில் ஏற்றுவதில்லை.

முதல் மூன்று ஆண்டுகள் என்னிடம் இருந்தது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். இங்கே தடங்களை 1 (மிக எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 3ஆம் தரம் வரைக்கும் அந்தச் சைக்கிள் தாராளமாகப் போதும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளதை வாங்கிய பிறகு 4ஆம் தரத்தில் முதுகு வலி குறைந்தது, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர் சைக்கிளில் பணத்தைக் கொட்டுவதைவிட நல்ல டயர், நல்ல ஹெல்மெட், முட்டிக் காப்பு வாங்குவது மேல். டியூப்லெஸ் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். என் எடை 74 கிலோ.

தொடங்குவதற்கு டிப்பர், டாகி இரண்டும் நல்ல தடங்கள். டாகி என்றால் மாவோரியில் ஒன்று. மரங்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகும் பழைய பாணித் தடம் அது. வேகம் குறைவு, திருப்பம் அதிகம். இங்கே கற்ற சமநிலை மற்ற எல்லாத் தடத்திலும் கைகொடுக்கிறது. அடுத்த படி 'பி ரூட் நாட் டூ' என்ற தடம். ஒருமுறை உருளத் தொடங்கினால் மிதிக்க வேண்டிய அவசியமே குறைவு. உயரமான இடத்திலிருந்து நீளமாக இறங்க வேண்டுமென்றால் ஸ்பிளிட் எண்ஸ். வளைவின் வெளிப்புறத்தில் மண்ணைச் சுவர் போல ஏற்றியிருப்பார்கள், பெர்ம் என்று பெயர். அதில் சாய்ந்து திரும்பும்போது கிடைக்கும் உணர்வுக்காகவே நான் மேலே மூச்சிரைக்க ஏறுகிறேன். காரிடார் தடத்தில் பெர்ம்களும் தாவுமேடுகளும் இன்னும் பெரிது. அதற்கு எனக்கு நான்கு ஆண்டு பிடித்தது. அவசரப்பட வேண்டிய இடம் இல்லை அது.

மேலே ஏற்றிவிட ஷட்டில் வண்டி ஓடுகிறது, சைக்கிள்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு. ஒரே நாளில் ஆறேழு முறை இறங்கலாம். நான் பெரும்பாலும் காட்டுச் சாலையில் மிதித்தே ஏறுவேன். ஏறும்போதுதான் காடு தெரிகிறது. ரேடியேட்டா பைன் மரங்களுக்குக் கீழே மனிதனைவிட உயரமான மரப்பெரணிகள், இலையைத் திருப்பினால் வெள்ளி நிறம். நின்று தண்ணீர் குடித்தால் பீவாகவாகா என்ற விசிறிவால் குருவி இரண்டடி தூரத்தில் வந்து சிறகடிக்கும். நம் கால் கிளப்பும் பூச்சிகளைப் பிடிக்க வருகிறது. என் மகளுக்கு அது தன்னைப் பார்க்கத்தான் வருகிறது என்று நெடுநாள் நம்பிக்கை.

ஊரின் மறுபக்கம் ஙொங்கொடகா மலையில் கேபிள் கார் சைக்கிளோடு மேலே கொண்டுபோய் விடுகிறது. 2006இல் மலை சைக்கிள் உலகப் போட்டி ரோட்டோருவாவில் நடந்தது. 2015 முதல் கிராங்க்வொர்க்ஸ் என்ற மலை சைக்கிள் விழாவும் இங்கே வருகிறது. அதைப் பார்க்க வருடம் ஒருமுறை போவோம். ஓட்ட ஃபகாதான்.

நண்பர்கள் வந்தால் 33 கி.மீ. காட்டுச் சுற்றுத் தடத்தில் அழைத்துப் போகிறேன். 3ஆம் தரம், நின்று நிதானமாகப் போனால் நான்கு மணி நேரம். வழியில் இரண்டு ஏரிகள். டிக்கிடாப்பு நீல நிறம், அதில் குளிக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் ரோட்டோகாகாகி பச்சை நிறம். அது மாவோரி மக்களுக்குச் சொந்தமான, அவர்கள் புனிதமாகக் காக்கும் நீர். அதில் குளிப்பதோ படகு விடுவதோ கிடையாது. மேட்டில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அங்கிருந்து கிழக்கே டராவேரா எரிமலை. 1886 ஜூன் 10 அன்று அது வெடித்துச் சுமார் 120 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய டுஹோராங்கி என்ற மாவோரி இனக்குழுவினரில் பலர் காட்டை ஒட்டிய ஃபகரேவரேவா கிராமத்துக்கு வந்து தங்கினார்கள். அவர்கள் வழியினர் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் காட்டுக்குள் விருந்தாளியாகத்தான் நுழைகிறேன். 2009இல் வடதீவின் மையத்திலுள்ள காட்டு நிலங்கள் மாவோரி இனக்குழுக்களிடம் திரும்பி வந்தபோது இந்த நிலமும் வந்தது. தடங்கள் திறந்திருப்பது அவர்கள் தரும் இசைவால்.

மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் விழுந்தேன். மண் பிடித்தாலும் ஈர வேர் பிடிக்காது. தடத்தைக் குறுக்கே வெட்டும் பைன் வேர் மேல் சக்கரத்தைச் சாய்த்து வைத்து, அதே நொடியில் பிரேக்கையும் அழுத்தினேன். இடது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த முகம் தெரியாத இருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வாகன நிறுத்தம் வரை நடந்து வந்தார்கள். நியூசிலாந்தில் யார் தவறு என்று கேட்காமல் விபத்துச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும் ஏ.சி.சி. ஏற்பாடு 1974 முதல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் சிகிச்சைக்கு அது பொருந்தும், ஆனால் விமானச் செலவும் வேலை இழப்பும் அதில் வராது. பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டே வாருங்கள். எனக்குப் பத்து வாரம் கழித்துத்தான் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடிந்தது. வேரை நேர்க்கோட்டில், பிரேக்கை விட்டுவிட்டுக் கடக்க வேண்டும். இப்போது அது பழகிவிட்டது.

அந்தப் பத்து வாரமும் மனைவியோடும், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவோடும் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே நடந்தேன். கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து 1901இல் நட்டவை. இப்போது 70 மீட்டருக்கு மேல் நிற்கின்றன. ஊருக்குள் குய்ராவ் பூங்காவில் நிலத்தடி வெந்நீரில் இலவசமாகக் கால் நனைக்கலாம். கந்தக வாடை அடிக்கும். "தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரி இருக்குடா" என்றார் அம்மா, காலை எடுக்காமலே.

சரி, இந்தக் காட்டைப் பற்றி முதல் முறை வருகிறவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரெட்வுட் பகுதியும் இன்னும் சில இடங்களும் தவிர, இதில் பெரும்பகுதி மரத்துக்காக வளர்க்கும் தோட்டம். ரேடியேட்டா பைனை 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டுவார்கள். இரண்டாம் ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த தடம் ஒன்றின் வாயில் 'மூடப்பட்டுள்ளது' என்று பலகை. நான்கு மாதம் கழித்துப் போனால் மலைச்சரிவே மொட்டை. அடிக்கட்டைகளும் கிளைக்குப்பையும்தான். மனசு கனத்துப்போய் அன்று வேறு எங்கும் ஓட்டாமல் திரும்பினேன். பலகையைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போகாதீர்கள். மேலே கம்பிவடத்தில் மரம் இழுத்துக்கொண்டிருப்பார்கள், கீழே இருக்கும் உங்களை அவர்களுக்குத் தெரியாது. தவிர, அனுமதி என்பது கேட்டு வாங்கியது. நாலு பேர் மீறினால் எல்லோருக்கும் போகும். கிளம்புமுன் எந்தத் தடம் மூடியிருக்கிறது என்று தடங்களைக் காட்டும் கைபேசிச் செயலியில் பார்த்துவிடுங்கள். பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம்.

அந்தச் சரிவில் மறு குளிர்காலமே புதுக் கன்றுகள் வைத்தார்கள், முழங்கால் உயரத்தில். அப்புறம் மண்வெட்டியும் வாளியுமாகத் தன்னார்வலர்கள் வந்து புதிதாகத் தடம் வெட்டினார்கள். இரண்டு ஞாயிறு நானும் மகளும் போய் மண் சுமந்தோம். பழைய தடத்தின் வழியே அல்ல, சற்று மேலே, சரிவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு. மரம் இல்லாததால் முதல் ஆண்டு முழுக்க வெயிலும் புழுதியும். பழையது போல இல்லையே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

போன மாதம் போனபோது பைன்கள் தலைக்கு மேலே வளர்ந்து இருபுறமும் தடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. மகளுக்கு இப்போது பதின்மூன்று. "அப்பா, நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நாங்கள் வாளியில் மண் கொட்டிய அந்த மூன்றாவது பெர்ம் இன்னும் கெட்டியாக இருந்தது.